மாமா குடுத்த பிராசஸரும் அத்தை குடுத்த போர்டும்

கம்ப்யூட்டர் வாங்கணும்னா ஊர் உலகத்துல என்ன செய்வாக? கடைக்குப் போவாக, வாங்குவாக, வீட்டுக்கு வந்துருவாக. திருத்தங்கல் சங்கரலிங்கம் வீட்டுல ஒரு கரண்டிகூட அப்படி வந்தது கிடையாது. சேலைன்னா ஒரு சித்தப்பா கடை, பாத்திரம்னா ஒரு பெரியப்பா கடை, பலசரக்குன்னா விருதுநகர்ல பங்காளி கடை. ஒரே இடத்துல மொத்தமா வாங்கிட்டா மத்தவுக மூஞ்சியத் திருப்பிக்கிருவாகளாம். அதனால எத வாங்குனாலும் பந்தியில கூட்டு வைக்கிற மாதிரி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பரிமாறித்தான் வாங்குவாரு மனுசன். வாங்குனத ஒருநாளும் திருப்பிக் குடுக்கவும் மாட்டாரு. மிக்சி புகைஞ்சாலும் சரி, சேலை ஒரே துவைப்புல சாயம் போனாலும் சரி, "திருப்பிக் குடுக்கிறது நம்ம பழக்கமில்ல" அப்படின்னு பேச்ச முடிச்சிருவாரு.

இந்த வீட்டுல பொறந்துட்டு, பார்ட் பார்ட்டா வாங்கித் தன் கையாலயே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்கணும்னு ஆசைப்பட்டா பாருங்க அவரு மக பிரீத்திகா, அவளச் சொல்லணும்.

பிரீத்திகா படிச்சு முடிச்சிட்டு அப்பாவோட ஆப்செட் பிரஸ்லயே லேபிள் டிசைன் பண்ணிக்கிட்டிருந்தா. கம்பி மத்தாப்பு டப்பாவுல சிரிக்கிற கொழந்த, புஸ்வாணப் பெட்டியில பறக்கிற மயிலு, எல்லாம் அவ கைவேலதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பிரஸ் கம்ப்யூட்டர்லயே துப்பாக்கி ஆட்டம் ஆடுவா. சும்மா பொழுதுபோக்குக்கு இல்ல. அஞ்சு பொண்ணுக சேர்ந்த டீம் அது. கேப்டன் கோயம்புத்தூர்ப் பொண்ணு. நல்லா ஆடுறாளேன்னு அவளாப் பாத்து பிரீத்திகாவச் சேத்துக்கிட்டா. படிப்பு அப்பா சொன்ன படிப்பு, வேலை அப்பா குடுத்த வேலை, போன்கூட அம்மா வேண்டாம்னு வச்ச பழைய போன். இந்த டீம்ல கிடைச்ச இடம் ஒண்ணுதான் யாரும் வாங்கிக் குடுக்காம அவளாச் சம்பாதிச்சது.

அதுக்கும் வந்துச்சு கேடு. ஆடி கழிஞ்சு தீபாவளி சீசன் சூடு பிடிக்கவும் லேபிள் வேலை குவிஞ்சு பிரஸ் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டிப் போச்சு. நல்ல கட்டத்துல திரை அப்படியே உறைஞ்சு நிக்கும், இவ அங்கன நின்னபடியே சாவா. கேப்டன் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுச் சொல்லிட்டா.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தகுதிச் சுத்து. இந்த வாட்டியும் உன் சிஸ்டம் நின்னா உனக்குப் பதிலா அந்தத் திருச்சிப் பொண்ண டீம்ல போட்டுருவேன். தப்பா நினைக்காத."

நியாயந்தானே, அவளக் குத்தஞ்சொல்ல முடியாது. பிரீத்திகா தான் சேத்து வச்ச சம்பளத்துல கம்ப்யூட்டர் வாங்குறதுன்னு முடிவு கட்டுனா. வீடியோ வீடியோவாப் பாத்து எது எதோட சேரும்னு மனப்பாடமே பண்ணிட்டா. மதர்போர்டுல இருக்கிற குழி ஒரு கம்பெனி பிராசஸருக்குத்தான் ஆகும், இன்னொரு கம்பெனியுது உள்ள இறங்காது. மெமரி பழைய வகை வேற, புது வகை வேற. கிராபிக்ஸ் கார்டு நீளமா இருந்தா எல்லாத்தையும் அடக்குற கேபினெட்டுப் பெட்டியில இடிக்கும். எல்லாத்தையும் பொருத்திப் பாத்து, மாடல் நம்பரோட தாள்ல எழுதி, "ஆன்லைன்ல போட்டா வியாழக்கிழமை வந்துரும்ப்பா" அப்படின்னா.

சங்கரலிங்கத்துக்கு முகம் சுருங்கிப் போச்சு.

"ஏத்தா, உங்க மாமன் விருதுநகர்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். உங்க அத்தை சிவகாசியில கடை வச்சிருக்கா. யாரோ முகந்தெரியாதவன்ட்ட வாங்குனா நாளைக்கு அவுக வீட்டு விசேசத்துல நான் எந்த மூஞ்சியோட போய் உக்கார?"

"சரிப்பா, அதுல ஒரு கடையில வாங்குங்க."

"ஒரு கடையிலயா? அது எப்படி?"

அவ்வளவுதான். பிரஸ் வாசல்ல லோடு ஏத்த வேன் நிக்குது, அத அப்படியே விட்டுட்டு அந்தத் தாளையும் அவ பணத்தையும் வாங்கிச் சட்டைப் பையில வச்சு வண்டியக் கிளப்பிட்டாரு. மாமா நாகையாவுக்குப் பிராசஸர், கேபினெட்டு, பவர் சப்ளை. அத்தை பொன்னுத்தங்கத்துக்குப் போர்டு, மெமரி, கார்டு. வியாபாரம் ஆளுக்குச் சரிபாதி. வெள்ளிக்கிழமை சாமானோட வந்து இறங்குனாரு. அம்மா அருணாதேவி அட்டைப்பெட்டி ஒவ்வொண்ணுக்கும் சந்தனங் குங்குமம் வச்சா. பிரீத்திகா ஆசை ஆசையாப் பிரிச்சா. போர்டு சரி, மெமரி சரி, கார்டு சரி, கேபினெட்டும் சரி. கடைசியா மாமா குடுத்த பிராசஸர் டப்பாவ எடுத்து, மேல போட்டிருந்த பேர ரெண்டு வாட்டி வாசிச்சா.

"அப்பா, இது வேற கம்பெனி."

"ஆமாத்தா. நீ எழுதுனது ஸ்டாக் இல்லையாம். இது அத விட ஒசத்தின்னான். எம் மருமகளுக்குக் குறைச்சலாக் குடுப்பேனான்னு கேட்டான்."

"ஒசத்தியா இருந்து என்ன செய்ய? இந்தப் போர்டுல இது உக்காராதுப்பா."

"கொஞ்சம் தேய்ச்சுகீய்ச்சு உக்கார வைக்க முடியாதா?"

பிரீத்திகா தலையில அடிச்சுக்கிட்டா. "நம்ம சின்ன மிஷின் பிளேட்டக் கொண்டு போய்ப் பெரிய மிஷின்ல மாட்டுவீகளா?"

"அது எப்படி மாட்டும், கிறுக்கி?"

"அதேதாம்ப்பா இது."

அவருக்கு அப்பத்தான் விளங்குச்சு. விளங்கி என்ன பிரயோசனம்? திருப்பிக் குடுங்கன்னா, "எந்தம்பி ஆசையாக் குடுத்தத மூஞ்சியில எறியச் சொல்றியா?" அப்படின்னு அம்மாவுக்குக் கண்ணு தளும்பிருச்சு. சரி, போர்டையாவது மாத்துங்கன்னா அப்பா பதறிட்டாரு. தாத்தா பிரஸ்ஸப் பிரிச்சதுல அவருக்கும் தங்கச்சிக்கும் வருசக்கணக்காப் பேச்சு வார்த்தை கிடையாது. போன தைக்குத்தான் பெரியவுக கூடிப் பேசி ராசியாக்கி விட்டாக. "இப்பத்தான் வாசப்படி மிதிச்சிருக்கா. உன் போர்டு ஆகலன்னு கொண்டு போய் நீட்டுனா மறுபடியும் போச்சு எல்லாம்" அப்படின்னுட்டாரு.

ஆக மாமா பிராசஸரும் இருக்கணும், அத்தை போர்டும் இருக்கணும், ரெண்டும் சேரவுஞ் செய்யாது. யாருகிட்டப் போய்ச் சொல்லி அழ? சனிக்கிழமை காலையில வீட்டுல யாருட்டயுஞ் சொல்லாம ரெண்டு டப்பாவையும் பையில போட்டுக்கிட்டு பிரீத்திகா விருதுநகர் பஸ் ஏறிட்டா.

நாகையா மாமா அவளக் கண்டதும் கடைப் பையன அனுப்பி எண்ணெய்ப் புரோட்டா வாங்கியாரச் சொல்லி, சாப்பிட்டாத்தான் பேசுவேன்னுட்டாரு. சாப்பிட்டு முடிச்சு விசயத்தச் சொன்னா. மாமா ஆற அமரக் கேட்டாரு.

"மருமகளே, பிராசஸருங்கிறது மூளை. போர்டுங்கிறது மண்டை. மண்டைக்கு ஏத்த மாதிரி மூளையச் சின்னதாக்குவாகளா? உங்க அத்தைட்டப் போய் வேற போர்டு கேளு."

"மாமா, நான் எழுதிக் குடுத்த நம்பர் பிராசஸர் இருந்தா அதக் குடுங்களேன். இது வேண்டாம்."

வேண்டாம்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. மாமா மூஞ்சி தொங்கிப் போச்சு. "நீ பொறந்த நாள்லருந்து நான் குடுத்தது எதுவும் வேண்டாம்னு நீ சொன்னதில்லயேத்தா" அப்படின்னாரு. அதுக்கு மேல அவ வாயத் திறக்க முடியுமா? எதிர்த்துப் பேசுனா அம்மாவுக்குப் போன் போகும். கும்பிடு போட்டுட்டுச் சிவகாசிக்குப் பஸ் பிடிச்சா.

பொன்னுத்தங்கம் அத்தை கடையில வெடிக் கம்பெனிகளுக்குக் கேமரா மாட்டுற வேலைதான் முக்கால்வாசி. கல்லாவுல இருந்துக்கிட்டே போர்டு டப்பாவ வாங்கிக் கண்ணாடியப் போட்டு நம்பர ஒரு எழுத்து விடாம வாசிச்சா.

"நீ எழுதுனது இதுதானட்டி?"

"இதுதான் அத்தை."

"அப்பப் பிசகு பண்ணவன்ட்டப் போய்க் கேளு. விருதுநகர்க்காரருக்குக் கடை வைக்கத் தெரியலன்னா அதுக்கு நான் எதுக்கு என் சாமான மாத்தணும்? நீ இதத் திருப்பி வச்சிட்டுப் போ, எங்கண்ணன் இன்னும் எங்கள மதிக்கலன்னு நான் ஊரக் கூட்டிச் சொல்றேன்."

அத்தை சொன்னதுல நியாயம் இருந்துச்சு. நியாயம் இருந்ததுனாலதான் பிரீத்திகாவுக்கு இன்னுங் கொஞ்சம் எரிஞ்சுச்சு. வீட்டுக்கு வர்ற பஸ்ஸுல டப்பாவ மடியில வச்சுக்கிட்டு அழுதா. வருத்தத்துல இல்ல, ஆத்திரத்துல. எம் பணம், எங் கம்ப்யூட்டர், இதுல இம்புட்டுப் பேரு மானம் எப்படி வந்து ஏறி உக்காந்துச்சுன்னு நினைக்க நினைக்க அவளுக்குப் பொங்கிப் பொங்கி வந்துச்சு.

சிவந்த கண்ணோட வீட்டுக்குள்ள வந்தவள அப்பா பாத்தாரு. வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு, பொழுது அடையுறதுக்குள்ள வந்தாரு, ஒரு டப்பாவ அவ கையில திணிச்சாரு. அவ எழுதுன அதே பிராசஸர், அத்தை கடையிலருந்து.

"மாமா குடுத்தது?"

"பீரோவுல கிடக்கட்டும்னு உங்க அத்தைட்டயுஞ் சொல்லிட்டேன். உங்கம்மாட்ட மூச்சு விடாத."

"ஒண்ண மாத்துனா முடிஞ்சிருக்கும்ல? எதுக்குப்பா இந்தத் தண்டம்?"

"யாரு மனசும் நோகலைல்ல?"

அவளுக்குச் சந்தோசப்படவா கோவப்படவான்னு தெரியல. ரெண்டையும் பட்டுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில தரையில போர்வைய விரிச்சு உக்காந்தா. வெடிக் கம்பெனி ஷெட்டுக்குள்ள நுழையிறவுக ஒடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கணும்னு வாசல்ல இருக்கிற செம்புத் தகட்டத் தொட்டுட்டுப் போவாக. அது மாதிரி இவளும் கேபினெட்டோட இரும்புல கைய வச்சு எடுத்துட்டுத்தான் போர்டத் தொட்டா. பிராசஸர வச்சா, சத்தமில்லாம உக்காந்துச்சு. மெமரி, கார்டு, ஒயரு ஒவ்வொண்ணா மாட்டி, சாமிய நினைச்சு சுவிட்சப் போட்டா. உள்ள காத்தாடி சுத்துச்சு, திரையில எழுத்து வந்துச்சு. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாம உக்காந்த இடத்துலயே கொஞ்சம் அழுதா. இது வேற அழுகை.

மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டா. சாப்பிட்டு வந்து பாத்தா பிரீத்திகாவுக்கு மண்டைக்குள்ள ரத்தம் ஏறிருச்சு.

கோயில் கொடைக்கு டியூப் லைட்டு வாங்கிக் குடுக்கிறவுக வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதுல பேர எழுதி வைப்பாகல்ல? அதேதான். கேபினெட்டோட முன்பக்கம் காத்து போறதுக்குன்னு வலை இருக்கு. அத முழுசா மூடி நாலு கலர்ல ஒரு லேபிள், பளபளன்னு லேமினேசனோட. "உபயம்: தாய்மாமா நாகையா, விருதுநகர்." மேல சூடு வெளிய போற வலை மேல இன்னொரு லேபிள். "உபயம்: அத்தை பொன்னுத்தங்கம், சிவகாசி." ரெண்டுக்கும் ஒரே அளவு எழுத்து, சுத்தி அவளே வரைஞ்ச புஸ்வாண பார்டர். ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம அப்பா பிரஸ்ஸத் திறந்து இதுக்குன்னு அச்சடிச்சிருக்காரு.

"காசு என்னுதுப்பா. இதுல உபயம் எங்கருந்து வந்துச்சு?"

"ஒரு மரியாதைதானத்தா. ரெண்டு பேரையும் பாக்க வரச் சொல்லியிருக்கேன்."

"மரியாதையில தீய வைக்க. காத்துப் போற வழிய அடைச்சு வச்சிருக்கீக, சூடாயி நின்னுரும். பிச்சு எடுங்க மொதல்ல."

அவரு பதில் சொல்றதுக்குள்ள வாசல்ல செருப்புக் கழட்டுற சத்தம். நாகையா மாமா ஆப்பிள் பையோட உள்ள வந்தவரு நேரா லேபிள்கிட்டப் போயி தன் பேர ஒரு வாட்டி தடவிப் பாத்தாரு. அம்மா முகத்துல அம்புட்டுப் பூரிப்பு. பின்னாலயே அத்தையும் வந்துட்டா. வந்து மேல குனிஞ்சு தன் பேரும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் உக்காந்தா.

"மாமா போற வரைக்கும் பொறுத்துக்கத்தா" அப்படின்னு அப்பா காதுக்குள்ள கெஞ்சுனாரு. "ஒரு ஆட்டந்தானே."

சாயங்காலம் ஆட்ட நேரம் வந்ததும் பல்லக் கடிச்சுக்கிட்டு பிரீத்திகா ஹெட்போன மாட்டுனா. டீம் பொண்ணுக எல்லாம் வந்துட்டாக. ஆட்டம் தொடங்குச்சு. ஆத்தாடி, அந்தத் திரை ஓடுன ஓட்டத்த என்னன்னு சொல்ல. தண்ணி மாதிரி ஓடுச்சு. நினைச்ச இடத்துல கை போச்சு, கை போன இடத்துல குண்டு போச்சு. "இன்னிக்கு வேற ஆளா இருக்கியே" அப்படின்னு கேப்டன் சிரிச்சா. பின்னால மாமா, "போர்ட மாத்தச் சொன்னேன்ல, எம் பிராசஸர் வேகம் எப்படி?" அப்படின்னு பெருமை பேசுனாரு. அத்தை உதட்ட மடிச்சு அடக்கிக்கிட்டு இருந்தா.

கொஞ்ச நேரத்துல பெட்டிக்குள்ள காத்தாடி ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. பிரீத்திகா கையக் கிட்டக் கொண்டு போனா, அனலடிச்சுச்சு. திரும்பி அப்பாவப் பாத்தா. அவரு கண்ணாலயே மாமாவக் காட்டுனாரு. ரெண்டு டீமும் சமமா நிக்கிற நேரம். திரை பொட்டுனு அணைஞ்சிருச்சு.

மேசையில நிமித்தி வச்ச செல்போன்ல கேப்டன் மெசேஜு. "மறுபடியுமா?"

அவ ஒண்ணும் யோசிக்கல. எந்திரிச்சா, முன்பக்கத்து லேபிள்ல நகத்தக் குடுத்து ஒரே இழுப்பு. தாய்மாமா ஒரு பக்கமும் நாகையா ஒரு பக்கமுமாக் கிழிஞ்சு வந்துச்சு.

"ஏட்டி" அப்படின்னு அம்மா அலறிட்டா. மாமா எந்திரிச்சு நின்னுட்டாரு. "எங் கண்ணு முன்னாலயே எம் பேரக் கிழிக்கிறா பாருங்க அத்தான்."

சங்கரலிங்கம் மச்சினனப் பாத்தாரு, தங்கச்சியப் பாத்தாரு, மக கையப் பாத்தாரு. ரெண்டு எட்டுல பெட்டிக்கிட்ட வந்து மேல இருந்த தங்கச்சி பேர அவரு கையாலயே உரிச்செடுத்தாரு. அந்த நேரத்துலயும் மனுசனுக்குச் சரிபாதிதான். ஒருத்தர் பேரு கிழிஞ்சு இன்னொருத்தர் பேரு இருந்துறக் கூடாது.

"எம் பேர எதுக்குண்ணே கிழிக்கிற?" அத்தை பொங்கிட்டா. "உள்ள ஓடுற பிராசஸரும் எங் கடைச் சாமான். அவுக குடுத்தது உங்க வீட்டு பீரோவுல தூங்குது."

மாமா காப்பித் தம்ளர ஒரு வாய் குடிக்காம கீழ வச்சாரு. யாரு மூஞ்சியையும் பாக்காம செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அம்மா முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அடுப்படிக்குப் போனா. அத்தை, நான் உள்ளதத்தான சொன்னேன்னு முனகிக்கிட்டே கிளம்பிட்டா. பிரீத்திகாவுக்கு எல்லாம் காதுல விழுந்துச்சு. ஆனா திரும்பல. அப்பா டேபிள் ஃபேனத் தூக்கியாந்து பெட்டி முன்னால வச்சாரு. சூடு தணிஞ்சு திரை வந்துச்சு, இவ மறுபடியும் உள்ள போனா. நாலு பேரா நின்னு தாங்கிக்கிட்டிருந்த டீமோட அஞ்சாவதாச் சேர்ந்து கடைசி வரைக்கும் ஆடுனா.

முடிஞ்சதும் ஹெட்போனக் கழட்டுனா. அப்பா கசங்குன லேபிளக் கையில வச்சுக்கிட்டு அங்கனயே நின்னாரு.

"ஜெயிச்சியாத்தா?"

"தோத்துட்டோம். தோத்தவுகளுக்கு அடுத்த வாரம் இன்னொரு சுத்து இருக்காம். கேப்டன் என்னயத்தான் ஆடச் சொல்லுச்சு. நீ திரும்பி வந்துட்டேல்ல, அது போதும்னுச்சு."

மறுநாள் காலையில சங்கரலிங்கம் பீரோவத் திறந்து மாமா குடுத்த பிராசஸர எடுத்தாரு. அருணாதேவி பாத்துக்கிட்டே இருந்தா, தடுக்கல. வண்டியக் கிளப்பிக்கிட்டு விருதுநகர் போனாரு. கல்யாணம் முடிச்ச நாள்லருந்து ஒரு சாமானத் திருப்பிக் குடுக்க அவரு போனது இதுதான் மொதத் தடவை. பிரஸ்ல பிரீத்திகாவுக்கு வேலையே ஓடல. மயிலுக்கு மூணு காலு வரைஞ்சு வச்சிருந்தா.

மத்தியானம் அப்பா ஒரு பையோட வந்தாரு.

"பேசுனாரா?"

"மொதல்லப் பேசல. நான் பாட்டுக்குப் பெஞ்சுல உக்காந்துக்கிட்டேன். தப்பு எம் மேலதான் மாப்ள, மொதல்லயே சொல்லியிருக்கணும்னேன். ரொம்ப நேரங் கழிச்சுக் காப்பி வாங்கிக் குடுத்தான். அப்புறம், மருமக பெட்டி சூடாகுதாமே, இதக் குடுங்கன்னான். பேரெல்லாம் போட வேண்டாம்னுட்டான்."

உள்ள பாத்தா மூணு காத்தாடி. நல்ல காத்தாடி, கலர் கலரா லைட்டு எரியிற வகை. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல பிரீத்திகா ஒண்ண எடுத்துக் கேபினெட்டுக்கு நேரா வச்சுப் பாத்தா. திருப்பி வச்சுப் பாத்தா. ஸ்குரூ போடுற ஓட்டைக்கும் காத்தாடி ஓட்டைக்கும் ஒரு விரல் அகலம் தள்ளி நின்னுச்சு. காத்தாடி பெருசு. அவளுக்குச் சிரிப்பு வரல, அழுகையும் வரல. கதவுப் பக்கத்துல அம்மா நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

"நல்லா இருக்குப்பா" அப்படின்னா பிரீத்திகா. "பீரோவுல வச்சிருவோம். பின்னால எதுக்காவது ஆகும்."

சங்கரலிங்கம் அவ கையிலருந்து காத்தாடிய வாங்கி அவரே ஒரு வாட்டி வச்சுப் பாத்தாரு. மூணையும் பைக்குள்ள போட்டாரு. ஆணியில மாட்டியிருந்த வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டாரு.

"செருப்ப மாட்டு. மாமா கடைக்கு நீயே வந்து பாத்து எடு."